காலி செய்யாத குடித்தனக்காரன்

முதலில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்ற வேண்டும். அடுத்து ரேடியோவை அணைக்க வேண்டும். அப்புறம் ஏசி. கடைசியாக வாயை மூட வேண்டும். இத்தனையும் நடந்த பிறகுதான் டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கார் ஓட்டப் பழக வந்தவரின் உள்ளங்கையில் வைப்பார். வெயில் நாட்களில் அந்தச் சின்ன வெள்ளைக் காருக்குள் உட்காருவது மூடி போட்ட பாத்திரத்துக்குள் உட்காருவதுபோல. பேக்கரி நடத்தும் ஒரு அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "கடையில அடுப்பு முன்னாடி நின்னு வெந்து சாகுறது போதாதுன்னு இங்க வந்தும் வேகணுமா டீச்சர்?" டீச்சர் தன் கைக்குட்டையால் அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டு, "வேகலாம். இடிக்கத்தான் கூடாது" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்க பேக்கரியம்மா தலையைச் சாய்த்து, காதை டீச்சரின் வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. நல்ல நாளில் டீச்சரின் குரல் உப்புத்தாள் தேய்ப்பதுபோல இருக்கும். கெட்ட நாளில் பக்கத்து அறையில் யாரோ பழைய துணியைக் கிழிப்பதுபோலக் கேட்கும். அதைவிடவும் கெட்ட நாட்கள் உண்டு. அன்றைக்கு உதடு மட்டும் அசையும், காற்று மட்டும் வரும். ரேடியோவும் ஏசியும் எதற்காக அணைக்கப்படுகின்றன என்று இப்போது புரிந்திருக்கும். ஊருக்குள் அவருக்குக் 'கிசுகிசு டீச்சர்' என்று பெயர். அவருக்கும் தெரியும். "காசு கேக்காம பேரு வெச்சிருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

ஓட்டுநர் பள்ளியில் மற்ற கார்கள் தொண்டையால் ஓடுகின்றன. முதலாளிக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். அவர் கற்றுக்கொடுக்கும் கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே "கிளட்ச்! கிளட்ச்சுன்னு சொன்னேனா இல்லையா!" என்ற சத்தம் இந்த முனைக்கு வந்து சேர்ந்துவிடும். டீச்சரின் காரில் அந்த வேலையை ஆள்காட்டி விரலின் முட்டி பார்க்கிறது. டாஷ்போர்டில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்றாவது தட்டு என்று ஒன்று கிடையாது. அதற்குள், பயிற்சிக் காரில் அவர் பக்கமும் இருக்கும் பிரேக்கின் மேல் தயாராக வைத்திருக்கும் கால் தன் வேலையை முடித்துவிடும். தட்டித் தட்டி அந்த முட்டியில் தோல் காய்த்துப்போயிருக்கிறது.

குரலைத் தின்றது ஒரு வைரஸ். தோலில் மருவைக் கிளப்பும் குடும்பத்தைச் சேர்ந்தது. டீச்சருக்கு அது பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பேச்சு வரும் வயதில் குழந்தையின் தொண்டை கரகரத்தது, சளி என்றார்கள். அழுதால் சத்தம் வரவில்லை. சமத்துக் குழந்தை என்றார்கள். ஒரு சாயங்காலம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மூச்சை இழுக்கும்போது விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அம்மா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குரல்நாண்களின் மேல் காலிஃபிளவர் மாதிரி சின்னச் சின்னக் கொத்தாகச் சதை வளர்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூச்சுக்கே வழி இருந்திருக்காது என்றார் டாக்டர். எடுத்தார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கணீரென்று "அம்மா" என்றது. வீடே இனிப்பு கொடுத்துக் கொண்டாடியது. சில மாதம் கழித்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது.

அன்றிலிருந்து இந்த நாற்பத்துச் சொச்சம் வயது வரை அதே கதைதான். மயக்க மருந்து கொடுக்கிறார்கள், வாய் வழியாகக் கருவியை இறக்குகிறார்கள், லேசரால் பொசுக்கியோ சுரண்டியோ எடுக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்குக் குரல் வருகிறது. வைரஸோ, பார்வைக்கு நல்ல சதையாகத் தெரிகிற இடத்துக்குள் படுத்துக்கொண்டு, சத்தம் அடங்கியதும் எழுந்து வேலையை ஆரம்பிக்கிறது. டீச்சரின் கைக்கு எட்டிய மருந்து எதுவும் அதை வேரோடு கிள்ளவில்லை. சில வருஷம் ஒரு தடவையோடு போகும். சில வருஷம் இரண்டு மாதம்கூடத் தாங்காது. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே தொண்டையில் குடியிருப்பதால் வந்த வினை.

டீச்சர் அதற்கு வைத்திருக்கும் பெயர் குடித்தனக்காரன். "வாடகை தர்றதில்ல. சாமானைத் தூக்கி வெளிய வீசினா, நாம கதவைச் சாத்திட்டுத் திரும்பறதுக்குள்ள ஜன்னல் வழியா உள்ள வந்துடறான். கேஸ் போட்டா ஸ்டே வாங்கறான்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா பத்திரம் என் பேர்லதான் இருக்கு" என்று முடிப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் தாடை கொஞ்சம் முன்னால் வரும்.

இதுவரை எத்தனை ஆபரேஷன் என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. கேட்பவர்களோ ஓய்வதில்லை. எண்ணிக்கையைச் சொன்னால் 'த்சு த்சு' கொட்டுவதற்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். "உங்க தலையில முடி எத்தனைன்னு எண்ணி வெச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் திருப்பிக் கேட்பார். கேட்டவர் வழுக்கையாக இருந்தால் இன்னும் விசேஷம். தேன் சாப்பிடுங்கள், இஞ்சி சாப்பிடுங்கள், வெந்நீரில் கொப்பளியுங்கள் என்று இலவச வைத்தியம் சொல்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். "தேன் குடிச்சுக் குடிச்சு என் மேல எறும்பு ஊருது. வேற ஏதாவது இருக்கா?"

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மயக்க மருந்து கொடுப்பவரிடம், "போன தடவை முன்பல்லை ஆட்டிவிட்டுட்டீங்க. இந்தத் தடவை பல்லுக்கு நீங்கதான் பொறுப்பு" என்று சைகையிலேயே மிரட்டிவிட்டுத்தான் படுப்பார். அதன் பின் சில நாள் பேசக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஓய்வு. டீச்சருக்கோ சண்டைகளைச் சேர்த்துவைக்கும் காலம். குப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போகிற மாடிவீட்டுக்காரர், தண்ணீர்க் கேனை இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவருகிறவர், 'பாவம்' என்று பார்க்கிற பக்கத்து வீட்டு அம்மாள் என எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். தொண்டை டாக்டர் "இனிமே பேசலாம்" என்றதும், புதுக் குரலின் முதல் செலவு மாடிவீட்டுக்காரருக்கு. அவர் அதைக் கேட்டதும், "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுபோல!" என்று சிரித்துக்கொண்டே குப்பையை எடுத்துப்போய்விடுவார்.

அப்படி ஒரு நல்ல நாளில், அம்மா போனை நீட்டி அந்தக் குரலைப் பதிவுசெய்யப் பார்த்தார். "ஏதாவது நாலு வார்த்தை பேசு. குரல் இல்லாதப்போ போட்டுக் கேட்டுக்கறேன்." டீச்சர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "குரல் இல்லாதப்போ நான் எங்கம்மா போறேன்? அப்பவும் உன் பக்கத்துலதானே உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்? அதைக் கேளு." அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் அதற்கப்புறம் போனை நீட்டவில்லை.

அம்மாவுக்கு இதில் ஆறாத புண் ஒன்று உண்டு. சித்தி ஒருத்தர், அம்மாவின் தங்கை, போனில் அந்த வைரஸின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, அது 'அந்த மாதிரி' வழியில் பரவுவது என்று சொந்தக்காரர்கள் மத்தியில் ஓதிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. டீச்சருக்குப் பேசிவைத்திருந்த ஒரு சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. டீச்சர் அதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அம்மாதான் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "என் வயித்துல இருந்து வந்ததுதானே இது. நான்தானே உனக்குக் கொடுத்தேன்."

டீச்சர் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இந்த மூக்கும் உன்கிட்ட இருந்துதான் வந்துச்சு. அதுக்கு எப்பவாவது அழுதிருக்கியா?" என்று கேட்டார். அம்மாவின் மூக்கு கொஞ்சம் பெரியது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

சித்தியின் கணக்கு வேறு ஒரு நாளில் தீர்ந்தது. ஒரு விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் எழுந்து நின்றார். அன்றைக்கு வெறும் காற்றுக் குரல். கேட்பதற்காகக் கரண்டிச் சத்தம்கூட நின்றது. "எனக்கு இருக்கிறது வைரஸ்தான். சித்தி சொன்னது சரி. உலகத்துல பெரும்பாலான ஆளுங்களுக்கு எப்பவாவது வந்து, அவங்களுக்கே தெரியாமப் போயிடற வைரஸ். இங்க உக்காந்திருக்கிற பல பேருக்கு வந்துட்டுப் போயிருக்கும். என்கிட்ட மட்டும் போகாம தங்கிடுச்சு. யாருக்காவது சந்தேகம் இருந்தா என்னையே கேளுங்க. சித்திக்குப் பாதிதான் தெரியும்." ஒருவரும் கேட்கவில்லை. சித்தி தண்ணீர் குடித்தார். பரிமாறுகிறவர் மட்டும், "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று டீச்சரைக் கேட்டார். போடச் சொல்லி டீச்சர் தட்டை நீட்டினார்.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே டீச்சரின் சின்ன வயதில் எல்லாரும் அம்மாவைப் பயமுறுத்தினார்கள். நன்றாகப் படித்தார்; ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் முதல் பதிலிலேயே எதிரில் இருப்பவர்கள் முன்னால் குனிந்து, "என்ன?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது பதிலில் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். ஒருநாள் அப்படி ஒரு இடத்திலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைச் சொன்னார். கண்டக்டர் காதில் விழவில்லை. அவர் விசில் அடிக்காததால் பஸ் போய்க்கொண்டே இருந்தது. கத்த முடியாது. கம்பியைத் தட்டினார், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊர் எல்லையில் இறக்கிவிட்டார்கள். செருப்பு தேய நடந்து வந்தவர், வழியில் கண்ணில் பட்ட ஓட்டுநர் பள்ளிக்குள் நுழைந்து, "நான் வண்டி ஓட்டக் கத்துக்கணும். இனிமே இன்னொருத்தன் விசிலை நம்பி நான் உக்கார மாட்டேன்" என்றார். மைக் முதலாளிக்கு அது பாதிதான் கேட்டது. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டு மறு பேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டார். ஓட்டப் பழகினார், அப்புறம் முறைப்படி பயிற்சியாளர் உரிமமும் வாங்கினார். முதலாளியின் கத்தலில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ரகத்து ஆட்களெல்லாம் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பக்கத்து இருக்கைக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. வந்தது பேக்கரியம்மாவின் காலால்.

பேக்கரியம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் கையூட்டு வாங்காதவர். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாருக்கும் பயம். அவருக்கு ஒரு பழக்கம். மார்க் போடுவதற்கு முன் யோசிக்கையில் பேனாவால் எதையாவது தட்டுவார். பேக்கரியம்மா ரவுண்டானாவைக் கனகச்சிதமாகச் சுற்றி, நல்ல வேகத்தில் நேர்ச்சாலைக்கு வந்துவிட்டார். திருப்தியடைந்த இன்ஸ்பெக்டர் டாஷ்போர்டில் டக், டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். பேக்கரியம்மாவின் கால் அதன் பாட்டுக்குப் பிரேக்கை மிதித்தது. இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து திட்டினார்.

"ஏம்மா நிறுத்தினீங்க?"

"நீங்கதானே சார் நிறுத்தச் சொன்னீங்க!"

"நான் வாயே திறக்கலையே!"

"டீச்சரும்தான் வாயைத் திறக்க மாட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் இதை விடவில்லை. டீச்சரிடம் பழகி டெஸ்ட்டுக்கு வந்த அடுத்த ஆளிடம், நல்ல இடமாகப் பார்த்து, வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் காரும் சட்டென்று நின்றது. சாயங்காலமே மைக் முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார். ஆபத்து நேரத்தில் ஒரு சத்தம் போட முடியாதவரை எப்படிப் பயிற்சியாளராக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தானே நேரில் வந்து, டீச்சர் கற்றுக்கொடுப்பதைக் காருக்குள் உட்கார்ந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். சரியில்லை என்று பட்டால் அவர் இனி அந்த இருக்கையில் உட்காரக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை வரலாம், இல்லாவிட்டால் அடுத்த மாதக் கடைசியில் வரலாம், எது வசதி என்றும் கேட்டார். அந்த மட்டுக்கும் அவர் நியாயஸ்தர்.

குடித்தனக்காரன் அப்போது உச்சத்தில் இருந்தான். வெள்ளிக்குப் பின் வருகிற திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தாயிற்று. டீச்சருக்குப் பேச்சு அநேகமாகக் காற்றாகிவிட்டது; படி ஏறினால் மூச்சில் பழைய விசில் கேட்டது. ஆகவே எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"ரொம்ப சிம்பிள் டீச்சர்" என்றார் முதலாளி, தன்னால் முடிந்த அளவுக்குத் தணிந்த குரலில். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை ஆபரேஷன். அடுத்த மாசக் கடைசியில உங்க குரல் மணி மாதிரி இருக்கும். அப்ப வரச் சொல்லுவோம். வருவாரு, கேப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. கதை முடிஞ்சுது."

அம்மாவும் அதைத்தான் சொன்னார். தொண்டை டாக்டரும் அதைத்தான் சொன்னார். அவர் டீச்சரைவிட வயதில் இளையவர். இந்தத் தொண்டைக்குள் அடிக்கடி போய்வந்ததில் உரிமை கூடிவிட்டது. "நான் கஷ்டப்பட்டு எடுத்துவிடறேன். அதுக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டுமேங்க."

டீச்சர் மூன்று பேரையும் முறைத்தார். பிறகு முதலாளியின் மேஜைக்கு முன்னால் நின்று பேசினார். நீளமான பேச்சு. இடையிடையே நிறுத்தி மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அடுத்த மாசம் அவரு யாரைப் பார்ப்பாரு? குடித்தனக்காரன் வெளியூர் போன சமயமாப் பார்த்து, வாங்க சார், வீடு காலியாத்தான் இருக்குன்னு திறந்து காட்டணுமா? அவன் திரும்பி வருவான் சார். வராம இருந்ததே இல்ல. வந்ததும் எவனாவது போய்ச் சொல்லுவான், டீச்சருக்குக் குரல் இல்லன்னு. அப்ப மறுபடி டெஸ்ட்டா? ஒவ்வொரு தடவை தொண்டை கரகரக்கும்போதும் சீட்டு போயிடுமோன்னு நடுங்கிக்கிட்டே உக்காரணுமா? வெள்ளிக்கிழமையே வரட்டும். இருக்கிறதுலயே மோசமா இருக்கிற நாள்ல வந்து பார்க்கட்டும். அன்னைக்குப் பாஸானா நான் என்னைக்கும் பாஸ்."

"ஃபெயிலாயிட்டா?" முதலாளி கேட்டார்.

"ஆயிட்டா ஆவேன். நல்ல குரலைக் காட்டி நான் பிழைக்க மாட்டேன்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். தொண்டை டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சில் சத்தம் வந்தால் வெள்ளியும் கிடையாது, கிள்ளியும் கிடையாது. நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். "மூச்சு விஷயத்துல உங்க பிடிவாதம் என்கிட்ட நடக்காது." டீச்சர் ஒத்துக்கொண்டார். "மூச்சு உங்க டிபார்ட்மெண்ட். சீட்டு என் டிபார்ட்மெண்ட்."

சொல்லிவிட்டாரே தவிர, வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு 'பிரேக்' என்று சொல்லிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கொஞ்சம் பலமாகச் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் அதிகக் காற்று வந்தது. இந்த இருக்கை போனால் மறுபடியும், "என்ன?" என்று குனிந்துவிட்டுச் சாய்கிற முகங்களுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். அந்த நினைப்பே அவருக்கு எரிச்சலாக இருந்தது. நன்றாகத் தலையை வாரி, இருப்பதிலேயே நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பேக்கரியம்மா ஓட்ட, டீச்சர் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் பின்னால். ஜன்னல், ரேடியோ, ஏசி எல்லாம் வழக்கம்போல முடிந்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைத்தெருவில் ஒரு சந்திலிருந்து லாரி பின்னோக்கி வந்தது. ஒரு தட்டு, வேகம் குறைந்தது. அதைத் தாண்டியதும் கேஸ் சிலிண்டர் கட்டிய சைக்கிள் ஒன்று குறுக்கே புகுந்தது. டீச்சர் இரண்டு தட்டினார். அதே நொடியில் இன்ஸ்பெக்டர், "ஏய், பார்த்து!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டார். பிரேக்கை மிதித்திருந்த பேக்கரியம்மா, பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டு, முழுசாகத் திரும்பி, "என்ன சார்?" என்று அவர் முகத்தையே பார்த்தார். கார் மட்டும் நகரவில்லை. டீச்சரின் கால் அதைப் பிடித்துவைத்திருந்தது. சைக்கிள்காரர் ஒன்றும் அறியாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இன்ஸ்பெக்டர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நான் கத்தினது தப்புதான். ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா இவங்களோடது உங்க தட்டுக்குப் பழகின கால். முதல் நாள் வர்றவனுக்கு உங்க தட்டு என்னன்னு தெரியாது. அவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவீங்க? அதைத்தான் நான் பார்க்கணும்."

கேள்வியில் நியாயம் இருந்தது. டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கி முன்பக்கம் வந்தார். "நான்தான் புதுசா வந்த ஆளு. உங்க தட்டுக்கெல்லாம் எனக்கு அர்த்தம் தெரியாதுன்னு வெச்சுக்கங்க. கத்துக் கொடுங்க." பேக்கரியம்மா பின்னிருக்கைக்குப் போனார். பேசக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அவருக்குத் தனியாக உத்தரவு போட்டார். அது பேக்கரியம்மாவுக்கு டெஸ்ட்டைவிடக் கஷ்டம்.

இன்ஸ்பெக்டர் நன்றாகவே ஓட்டினார். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் கொடுத்த கை. ஆனால் ஒரு கைதான் ஓட்டியது. மற்றக் கை, நீண்ட நாள் ஓட்டிய தெம்பில், தொடையின் மேல் சொகுசாகக் கிடந்தது. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். இன்ஸ்பெக்டர் வேகத்தைக் குறைக்காமல், "என்ன? எனக்குத்தான் தெரியாதே" என்றார். டீச்சர் ஸ்டீயரிங்கைக் காட்டினார். "கை காட்டறீங்க. ரோட்டைப் பார்ப்பேனா, உங்க கையைப் பார்ப்பேனா? இதைத்தான் சொல்றேன்."

டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மெல்ல அழுத்தினார். குலுங்காமல் கார் நின்றது. நடுச்சாலை. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஏன் நிறுத்தினீங்க?" இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. வாயால சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்து, பேசுவதற்காகப் பலமாக மூச்சை இழுத்தார். மூடிய காருக்குள் அந்த விசில் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை. இன்ஸ்பெக்டரின் முகத்தில் இரக்கம் வந்தது. கொஞ்சம் முன்னால் குனிந்தார். பின்னிருக்கையில் பேக்கரியம்மா பொறுக்க முடியாமல், "சார், அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்காமலே டீச்சர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரோ ஜன்னலைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். டீச்சர் அவசரப்படவில்லை. உயர்த்திய கையை இறக்கி, இன்ஸ்பெக்டரின் தொடைமேல் கிடந்த கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். அதை ஸ்டீயரிங்கின் மேல் கொண்டுபோய் வைத்தார். கட்டைவிரலை உள்பக்கமாகவும் மற்ற விரல்களை வெளிப்பக்கமாகவும் மடக்கி, மேலே தன் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு முகத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். அந்த விரல்கள் தாமாக இறுகிய பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.